ஊர் பேர் தெரியாத செல்

அந்தப் பையை மடியில் வைத்துக்கொள் கண்ணு, கீழே வைத்தால் யாராவது மிதித்துவிடுவார்கள். என்னிடமும் இதே நீலப் பைதான் இருக்கிறது, பார். அந்த ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் இதைத்தான் கொடுக்கிறார்கள். பெங்களூரில் எங்கே இந்தப் பையைக் கண்டாலும் எனக்குப் பக்கத்தில் போய் உட்காரத் தோன்றும். அதனால்தான் அந்தப் பக்கம் சீட் காலியாக இருந்தும் உன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

யாருக்கு? அண்ணனுக்கா? ரத்தத்தில்தானே? உன்னுடையது பொருந்துகிறது என்று சொல்லிவிட்டார்களா? அடடா. அப்படியானால் வீட்டில் பேசிவிட்டு வருகிறேன் என்று கிளம்பியிருக்கிறாய். நல்லது. ஈரோடு வரைக்கும்தானே? நானும் அங்கேதான் இறங்குகிறேன். நீ கேட்க வேண்டிய கதை என்னிடம் இருக்கிறது. ஜன்னலை மட்டும் கொஞ்சம் சாத்து. காற்று காதில் அடிக்கிறது.

என் பெயர் ருக்குமணி. காங்கேயம் பக்கம். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். தென்னந்தோப்பும் கொப்பரைக் களமும் இருக்கின்றன. ஒரே மகன் பூபதி பார்த்துக்கொள்கிறான். முப்பத்தாறு வயது. கல்யாணம் ஆகவில்லை. எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒருவன் இப்படி உட்கார்ந்திருக்கிறான், உனக்கும் தெரிந்திருக்கும். பையன் தோப்பு பார்க்கிறான் என்று சொன்னதும் பெண் வீட்டார், "ஜாதகம் பாத்துட்டுச் சொல்றமுங்க" என்பார்கள். சொல்லவே மாட்டார்கள். கம்ப்யூட்டர் கம்பெனி வாசலில் நிற்கிற வாட்ச்மேன் ஜாதகத்தைக்கூட வாங்கிப் பார்ப்பார்கள் போலிருக்கிறது. என் மகனுக்கு என்ன குறை? பேச்சு குறைவு. அது ஒரு குறையா?

எனக்கு ஒரே தம்பி, நாச்சிமுத்து. அம்மா இறந்தபோது அவன் ஒன்றாம் வகுப்பு. நான் கோயம்புத்தூர் ஹாஸ்டலில் தங்கி பி.ஏ. வரலாறு படித்த காலத்திலும் வாரா வாரம் ஊருக்கு ஓடி வந்து அவன் துணியைத் துவைத்துப் போட்டுவிட்டுத் திரும்புவேன். நான் வளர்த்தேன் என்று சொல்லிக்காட்டுகிறவள் இல்லை கண்ணு. யாராவது கேட்டால் சொல்வேன். நீ கேட்டாய், சொல்கிறேன்.

உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் இணைச்சீர் உண்டா? அப்படியானால் உனக்கு விளக்க வேண்டாம். இல்லையா? சரி, சொல்கிறேன். தாலி கட்டுவதற்கு முன்னால், மாப்பிள்ளையோடு பிறந்தவளை அவன் பக்கத்தில் நிறுத்திச் செய்கிற சீர் அது. ஒரு சேலையால் இரண்டு பேரையும் இணைப்பார்கள். பெண்டாட்டி வந்துவிட்டாள் என்று கூடப் பிறந்தவளை விட்டுவிடாதே, உனக்குப் பெண் பிறந்தால் அவள் மகனுக்குக் கொடு என்று அதற்கு அர்த்தம். இப்போதெல்லாம் போட்டோவுக்காகச் செய்கிறார்கள். நாச்சிமுத்து கல்யாணத்தில் நான் போட்டோவுக்காக நிற்கவில்லை. பூபதி அப்போது சின்னப் பையன், என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனையும் சேர்த்துத்தான் இணைத்தார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

தம்பிக்குத் தாரணி பிறந்ததும் வெள்ளிக் கொலுசோடு போய், "என் மருமகளைக் குடுங்க" என்று வாங்கி மடியில் போட்டுக்கொண்டேன். தம்பி பெண்டாட்டி அம்சவேணி சிரித்தாள். சிரித்தால் சம்மதம் என்றுதானே அர்த்தம்?

தாரணி படித்தாள், பெங்களூரில் கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிற வேலைக்குப் போனாள். பேச்சை எடுத்தால், "இப்ப வேண்டாம் அத்தை" என்பாள். நானும், இப்போதுதானே வேண்டாம் என்று விட்டுவைத்தேன்.

அப்போதுதான் நாச்சிமுத்துவுக்கு இந்த வியாதி வந்தது. உடம்பைக் காவல் காக்கிற வெள்ளைச் செல் இருக்கிறதாமே, அதிலேயே புற்று. காவல்காரனே திருடனாகிவிட்டால் யாரிடம் போய்ப் புகார் கொடுப்பது? மருந்து கொடுத்துப் பார்த்தார்கள், அடங்கவில்லை. மஜ்ஜை மாற்ற வேண்டும், கூடப் பிறந்தவர்கள் யார் என்று கேட்டார்கள். நான்தான். சோதித்துப் பார்த்துவிட்டு முழுப் பொருத்தம் என்றார்கள். அந்த லேப்காரர் சொன்னதும் நான் அங்கேயே அழுதுவிட்டேன். பொருந்தாமல் எப்படிப் போகும்?

கொடுத்தேன். கையில் ஊசி குத்தி மெஷினில் ரத்தத்தைச் சுற்றவிட்டு எடுத்தார்கள். வலி ஒன்றும் பெரிதில்லை, பயப்படாதே. எலும்பெல்லாம் காய்ச்சல்போல் கடுக்கும், அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு அதிசயம் நடந்தது, கேள். நாச்சிமுத்து பிறந்ததிலிருந்து ஓ பாசிட்டிவ். நான் பி பாசிட்டிவ். என் மஜ்ஜை அவனுக்குள் பிடித்துக்கொண்டதும் அவன் ரத்தமே பி பாசிட்டிவ் ஆகிவிட்டது! நான் சொந்தக்காரர் வீட்டுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னேன். கோயில் பூசாரியிடம் சொன்னேன். "எந்தம்பி ஒடம்புல இப்ப ஓடறது என்ற ரத்தமுங்க." அவன் வீட்டுக்கு யார் பார்க்க வந்தாலும் நானே முன்னால் உட்கார்ந்து விவரம் சொல்வேன். அவனுக்கு எது சமைக்க வேண்டும், எது ஆகாது என்று அம்சவேணிக்கு நான்தான் சொல்வேன். எனக்கு ஆகாதது அவனுக்கும் ஆகாதே, இப்போது.

நடுவில் அவனுக்குத் தோல் உரிந்தது, வயிறு நிற்காமல் போனது. கேட்டால், என் செல் அவன் உடம்பை வேற்று உடம்பு என்று நினைத்து அடிக்கிறதாம். அப்படி நடப்பது உண்டாம். டாக்டர் ஜெபசெல்வி என்று ஒரு நாகர்கோவில் பெண், அவள்தான் சொன்னாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எஞ்செல்லு எந்தம்பிய அடிக்குமாங்க? நீங்க மருந்தச் சரியாக் குடுங்க" என்றேன். கொடுத்தார்கள், அடங்கியது. பழி மட்டும் என் மேல் விழுந்தது.

அவன் எழுந்து உட்கார்ந்ததும் தாரணி பேச்சை எடுத்தேன். கேட்டேன் என்றுகூடச் சொல்ல முடியாது, ஞாபகப்படுத்தினேன். "ஆகட்டும்க்கா" என்றான் தலையைக் குனிந்துகொண்டு. அந்த ஒரு சொல்லை நான் எவ்வளவு நாள் வைத்துப் பூஜித்தேன் தெரியுமா.

தருமபுரி தாண்டிவிட்டதா? சரி.

வியாதி திரும்பி வந்துவிட்டது. ஒரு வருஷம் அவன் நன்றாக இருந்த பிறகு வந்தது. இனி மருந்தும் கேட்காது, வெறுமனே மஜ்ஜை மாற்றினாலும் கேட்காது, புதிதாக ஒரு வைத்தியம் ஆய்வு நிலையில் இருக்கிறது, சம்மதம் என்று எழுதிக்கொடுத்தால் செய்து பார்க்கலாம் என்றாள் ஜெபசெல்வி. நானும் தம்பியும் தாரணியும் உட்கார்ந்திருந்தோம். ஒரு தாளை எடுத்து வட்டம் வட்டமாகப் போட்டாள்.

"அம்மா, இது காவல் காக்குற செல். சாருக்கு இதுலதான் நோய். அதனால அவரு செல்லையே எடுத்துச் சரிபண்ண வழி இல்ல. நோய் இல்லாத வேற ஒருத்தர் தந்த செல், பக்குவம் பண்ணி உறைய வெச்சது எங்ககிட்ட இருக்கு. அதை ஏத்தப் போறோம்."

"யாரு தந்தது?"

"தெரியாதும்மா."

"எந்த ஊரு? நம்ம பக்கமா?"

"அதுவும் தெரியாது. தந்தவங்களுக்கும் யாருக்குப் போகுதுன்னு தெரியாது."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. யாருக்கு என்று தெரியாமல் கொடுப்பது ஒரு கொடுப்பா கண்ணு? கீழே விழுந்ததை யாரோ எடுத்துக்கொண்ட மாதிரி அல்லவா அது?

"நானே இருக்கறனே" என்றேன். "எஞ்செல்ல எடுத்து நீங்க பண்றதப் பண்ணுங்க."

"அதுக்கு இப்ப நேரம் இல்லம்மா. இது தயாரா இருக்கு."

"பக்குவம்னா என்ன பண்ணியிருக்கீங்க?"

"செல்லுக்குள்ள எழுத்து மாதிரி வரிசையா இருக்கும்லா. அதுல வேண்டிய இடத்துல ஒரு எழுத்தை அழிச்சு வேற எழுத்து போட்டிருக்கு. முக்கியமா, இது என் வீடா அடுத்தவன் வீடான்னு பார்த்து அடிக்கிற குணத்தை அழிச்சாச்சு. இல்லேன்னா போன தடவை மாதிரி சாரோட தோலையும் வயித்தையும் அடிக்கும். அப்புறம் அந்த வியாதிச் செல்லைத் தேடிப் பிடிக்க ஒரு கொக்கி. பிடிக்கும், கொல்லும். நல்ல காவல் செல்லும் கூடவே போயிரும். அதனால பின்னால மறுபடியும் மஜ்ஜை ஏத்தணும்."

"போன எடத்துல உரிமை கொண்டாடாதா?"

"கொண்டாடாதும்மா." சிரித்தாள். "அதுக்குத்தானே இவ்வளவு பாடு."

தாரணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கு அந்த டாக்டர் பெண்ணைப் பார்த்துப் பாவமாக இருந்தது. இத்தனை வருஷம் படித்து, ஒரு செல்லின் ரோஷத்தை அழிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

செல் வந்தது. எவ்வளவு என்கிறாய்? ஹோட்டலில் சட்னி கட்டுவார்களே, அந்தப் பை அளவு. புகைகிற பாத்திரத்திலிருந்து எடுத்து, உருகவைத்து ஏற்றினார்கள். இட்லி வேகிற நேரத்துக்குள் முடிந்துவிட்டது. அறை முழுக்கப் பூண்டு வாசனை. உறையவைக்கிற மருந்து அப்படி மணக்குமாம். நாச்சிமுத்து முகமூடிக்குள்ளிருந்து, "அக்கா, குடுத்தவரு ரசம் நெறையக் குடிப்பாராட்ட இருக்குது" என்றான். நர்ஸ் சிரித்தாள், தாரணி சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. எங்கேயோ இருக்கிற எவனுக்கோ இவன் சிரிக்கிறான். என் செல் ஏறிய அன்று இவன் சிரிக்கவில்லை, அழுதான்.

பிறகு காய்ச்சல் கொளுத்தியது. இரண்டு நாள் யாரையும் அடையாளம் தெரியவில்லை. பெண்டாட்டியை யார் என்று கேட்டான். ஆனால் அக்கா, அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். நர்ஸைக்கூட அக்கா என்றுதான் கூப்பிட்டான். எனக்கு அது போதும் என்று இருந்தது.

அடுத்த மாதம் சோதித்தார்கள். வியாதிச் செல் ஒன்றுகூட இல்லை. தேடித் தேடிப் பார்த்தும் இல்லை. அந்த ஊர் பேர் தெரியாத செல் வந்த வேலையை முடித்துவிட்டது. ஜெபசெல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனால் உடம்பு இப்போது காவல் இல்லாத வீடு, சீக்கிரம் மஜ்ஜை ஏற்ற வேண்டும், ருக்குமணி அம்மா மறுபடியும் தர முடியுமா என்று கேட்டாள்.

பார்த்தாயா? கடைசியில் என்னிடம்தான் வந்தார்கள்.

நான் மாட்டேன் என்று சொன்னேன் என்று ஊரில் பேசுகிறார்கள். நீ நம்பாதே. என் வாயிலிருந்து அந்தச் சொல் வரவே இல்லை. நான் காங்கேயத்துக்கு வந்திருந்தேன். போனில் நாச்சிமுத்துவிடம் சொன்னது இவ்வளவுதான்: "வர்றேன் சாமி. அதுக்கு முன்ன தாம்பூலம் மாத்திக்கலாம். ஒரு தட்டு, நாலு வெத்தலை. அரை மணி நேர வேலை."

"இப்பவாக்கா?"

"அப்பறம் எப்ப? நீ எந்திரிச்சு நடமாட ஆரம்பிச்சா ஒனக்கு நேரமிருக்காது."

நான் தப்பாக எதையும் கேட்கவில்லையே. அவன் கல்யாணத்தன்று சேலையால் இணைத்துச் சொன்னதைத்தான் கேட்டேன். எனக்கு அறுபத்தைந்து வயதாகிறது. நான் போய்விட்டால் பூபதிக்கு ஒரு வாய் சோறு போட்டு, ஏன் முகம் வாடியிருக்கிறது என்று கேட்க ஆள் உண்டா? காய்ந்த தேங்காய் நடுவில் தனியாக உட்கார்ந்திருப்பான். நாச்சிமுத்து அவனுக்கு மாமன் இல்லையா? மாமனுக்குத் தெரிய வேண்டாமா?

மறுநாள் தாரணியே கூப்பிட்டாள். "சரிங்க அத்தை. நான் கட்டிக்கிறேன். அப்பாவுக்குக் குடுத்துருங்க" என்றாள். குரல் அடைத்திருந்தது. பெங்களூர்க் குளிர் அவளுக்கு எப்போதும் ஒத்துக்கொள்ளாது. "கண்ணு, எம் வயித்துல பால வார்த்த" என்றேன். அன்றே ஈரோட்டுக்குப் போய்ப் பட்டு எடுத்தேன். மாம்பழ நிறம், அரக்கு பார்டர். பூபதியிடம் விரித்துக் காண்பித்தேன். பார்த்தான். "நல்லாருக்குதும்மா" என்றான். "யாருகிட்டக் கேட்டு எடுத்தீங்க?" என்றான். தாரணி சம்மதித்துவிட்டாள் என்றேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து களத்துக்குப் போய்விட்டான். வெட்கம் என்று நினைத்தேன். அன்று சாயங்காலமே, "திப்தூர் மார்க்கெட்ல கொப்பரை விலை பாத்துட்டு வர்றேன்" என்று பஸ் ஏறினான். அந்த ஊர் கர்நாடகாவில் இருக்கிறது, கொப்பரைக்குப் பேர்போன ஊர். அவன் அப்பா காலத்திலிருந்தே போவதுதான், அதனால் நானும் கேட்கவில்லை.

பெங்களூருக்குப் போகப் பெட்டி கட்டி வைத்திருந்தேன். அம்சவேணியிடமிருந்து போன்.

"அண்ணி, நீங்க வர வேண்டாமுங்க."

"ஏன்? நாள் மாத்திட்டாங்களா?"

"தாரணியே குடுக்கறாளுங்க. டாக்டரு ஒத்துக்கிட்டாங்க."

"அவளுக்குப் பாதிதானே பொருந்தும்? நா முழுசா இருக்கறனே அம்சா!"

"பாதி போதும்னு அவிக சொல்லிப்போட்டாங்க அண்ணி" என்றாள். அவள் என்னிடம் இப்படி நிமிர்ந்து பேசி நான் கேட்டதே இல்லை. "தாம்பூலமும் வேண்டாமுங்க."

எப்படி இருந்திருக்கும் எனக்கு? பட்டுச் சேலை பீரோவில் இருக்கிறது. கையில் கொடுத்த சொல்லை ஒரே ராத்திரியில் பிடுங்கிக்கொண்டார்கள். அவன் உடம்பில் என் ரத்தம் ஓடியது ஒரு வருஷம். இப்போது இடுப்பெலும்பைக் குத்தித் தாரணியிடமிருந்து எடுத்து ஏற்றி, அவளைப்போலவே மறுபடியும் ஓ பாசிட்டிவ் ஆகிவிட்டான். நான் அங்கே இருந்ததற்கு ஒரு சொட்டுத் தடயம் இல்லை. ஜெபசெல்வி எழுத்தை அழிக்கிறேன் என்றாளே, அழித்ததெல்லாம் என்னைத்தான்.

சேலத்தில் நீ டீ குடிக்கவில்லையே. தலை வலிக்காதா? சரி, சங்ககிரி வந்துவிட்டது, இன்னும் கொஞ்ச தூரம்தான்.

இன்றைக்குக் காலையில் போனேன். யாரும் கூப்பிடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் வாடகை வீடு எடுத்திருக்கிறார்கள். நாச்சிமுத்துவே கதவைத் திறந்தான். தலையில் பூனை முடிபோல் புதிதாக முளைத்திருக்கிறது. கன்னத்தில் சதை பிடித்திருக்கிறது. நல்லா இருக்கிறான் கண்ணு, பொய் சொல்லக் கூடாது, நல்லாத்தான் இருக்கிறான். ஒரு நிமிஷம் நான் எதற்கு வந்தேன் என்பதே மறந்துவிட்டது. கன்னத்தைத் தொடப் போனேன். தொடக் கூடாதாம் இன்னும். கையைக் கழுவிவிட்டு எட்டி உட்காரச் சொன்னாள் அம்சவேணி.

உட்கார்ந்து கேட்டேன். "இணைச்சீர்ல நின்னது மறந்துபோச்சா? உசுரு குடுத்தது மறந்துபோச்சா? யாரு உன் மனசக் கலைச்சது? அம்சாவா? அந்த டாக்டரா?"

"பூபதிதான்க்கா" என்றான்.

எனக்குப் புரியவில்லை.

"உன் மகன் வந்தான்க்கா. விடியக்காலம் வந்து நின்னான். தாரணியக் கூப்பிட்டு, நீ எனக்கு வேண்டாம் புள்ள, போய் ஒன்ற வேலயப் பாருன்னு சொன்னான். அவ அழுதா. அப்பறம் எங்கிட்ட சொன்னான், மாமா, அம்மா குடுத்தா வாங்கிக்குங்க, வெல கேட்டா வாங்காதீங்கன்னு. பாதி பொருந்துனாலும் ஏத்தலாமான்னு டாக்டரம்மாகிட்டப் போயிக் கேட்டவனே அவன்தான். ரெண்டு வாட்டி எனக்கு ஏத்தறதுக்கு ரத்தத்துல பிளேட்லெட் குடுத்துட்டுப் போனான். உங்கிட்டச் சொல்ல வேண்டாம்னான்."

விலையாம்.

நான் பெற்ற மகன் சொல்கிறான். யாருக்காக நான் போய்ப் பல்லைக் காட்டி நின்றேன்? எனக்கா தாரணியைக் கட்டிக்கொடுக்கச் சொன்னேன்? திப்தூர் போகிறேன் என்று என் கண்ணைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அங்கே போய் என் காலை வாரிவிட்டு, திரும்பி வந்து என் கையால் சோறும் தின்றிருக்கிறான். முழங்கையில் பஞ்சு ஒட்டியிருந்தது. கேட்டதற்கு, முள் கீறிவிட்டது என்றான். மஞ்சள் வைத்துவிட்டேன் நான். அவன் கையைப் பிடித்து, ஊதி ஊதி மஞ்சள் வைத்தேன்.

சாப்பிடாமல் எழுந்து வந்துவிட்டேன். தாரணி பின்னாலேயே வந்து ஆட்டோ பிடித்து, என் பையைத் தூக்கிக்கொண்டு, பஸ்ஸில் ஏற்றிவிட்டுப் போனாள். நீ பார்த்திருப்பாய், பச்சைச் சுடிதார். தக்காளிச் சாதம் கட்டிக் கொடுத்திருக்கிறாள். தொடவில்லை. ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தாள். இடுப்பில் குத்தியது இன்னும் வலிக்கிறது போலிருக்கிறது. நான் கேட்கவில்லை. என்னை யார் கேட்டார்கள்?

அதனால்தான் உனக்குச் சொல்கிறேன். அண்ணனுக்குக் கொடு. கொடுக்க வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் உனக்கு என்ன வேண்டும் என்பதை முதலிலேயே பேசிவிடு. நாலு பேர் முன்னால் பேசு. பிறகு கேட்டால் நம்மைப் பேராசைக்காரி என்பார்கள்.

என்ன? உனக்கு ஒன்றும் வேண்டாமா? அண்ணன் எழுந்து நடந்தால் போதுமா? அப்படித்தான் தோன்றும் இப்போது. நானும் லேப் வாசலில் அழுதபோது அப்படித்தான்... சரி விடு. ஏன் என்னை இப்படிப் பார்க்கிறாய்? நான் ஒன்றும் தப்பாகச் சொல்லிவிடவில்லையே.

பள்ளிபாளையம் வந்துவிட்டது. அதோ பாலம். காவிரியில் தண்ணீர் இருக்கிறதா பார், எனக்கு இந்தப் பக்கத்திலிருந்து தெரியவில்லை.

போன் அடிக்கிறது. அவன்தான். பஸ் ஸ்டாண்டில் பைக்கோடு நிற்பான். எந்த நேரத்துக்கு வந்தாலும் முன்னாலேயே வந்து நிற்பான். நான் இறங்கியதும் பையை வாங்கிக்கொள்வான், ஒன்றும் கேட்க மாட்டான். அவன் பின்னால் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டுதான் நான் வீடு போய்ச் சேர வேண்டும். வேறு யார் தோள் இருக்கிறது எனக்கு?

நான் எடுக்க மாட்டேன். நீ எடு கண்ணு. பச்சையைத் தள்ளு. பாலத்து மேல் வந்துவிட்டோம் என்று சொல். யார் என்று கேட்டால் பக்கத்து சீட் என்று சொல்.

என்ன கேட்கிறான்?

அம்மா அழுதாங்களா என்றா?

இல்லை என்று சொல். தூங்குகிறார்கள் என்று சொல்.